இரண்டாவது குடும்பம் வந்தால் லைசென்ஸ் வேண்டும், ஏஜென்ட் வேண்டாம்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகன். எதிர்வீட்டுக் குடும்பத்தின் ஒன்றரை வயதுக் குழந்தையை ஏழு மாதமாகப் பகலில் பார்த்துக்கொள்கிறேன், பணம் தருகிறார்கள். எனக்கு எச்-4 (எச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவி அல்லது கணவருக்கான விசா) வேலை அனுமதி இருக்கிறது. இப்போது அதே தெருவில் இன்னொரு குடும்பம் ஒரு வயதிலும் நான்கு வயதிலும் உள்ள இரண்டு பிள்ளைகளை விடலாமா என்று கேட்கிறது. டேகேர் லைசென்ஸ், அரசாங்கப் பணம், உதவிக்கு ஆள் எல்லாம் ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் 3,000 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? வீட்டு ஓனர் சம்மதிப்பாரா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மனிதர் செய்வதாகச் சொல்வதில் பெரும்பகுதியை உங்கள் கவுன்டியிலேயே (நம்மூர் மாவட்டம் போல) ஓர் அலுவலகம் இலவசமாகச் செய்து தருகிறது. மீதியை உங்கள் பெயரில் நீங்கள்தான் செய்தாக வேண்டும். கைரேகையை அவர் கொடுக்க முடியாது, வகுப்பில் உங்களுக்குப் பதிலாக அவர் உட்கார முடியாது.

முதலில் ஒரு நிம்மதி. இந்த ஏழு மாதமும் நீங்கள் செய்தது சட்டத்துக்கு உட்பட்டது. சொந்தப் பிள்ளைகள் தவிர ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் தேவையில்லை. இந்த விலக்கைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொள்வதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கணக்கு குடும்பத்தை வைத்துத்தான், தலையை வைத்து இல்லை. எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்து மூன்று பேரையும் நீங்கள் பார்த்துக்கொண்டாலும் விலக்கு உண்டு. ஆனால் எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று என்றால், இரண்டே பிள்ளைகள்தான் என்றாலும் விலக்கு போய்விடும். அவர்கள் அக்கா தங்கைகளாக இருந்தாலும் தனித்தனி வீடு, தனித்தனி குடும்பம் என்றால் இரண்டுதான். "ஒரு குழந்தை மதியம்வரை, இன்னொன்று மதியத்துக்கு மேல்" என்று நேரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் யோசனை சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். ஒரு தாய் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலே அந்த ஏற்பாடு உடைந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள்தானே, ரொக்கமாகத்தானே வாங்குகிறேன், தெரிந்தவர்கள்தானே என்ற சமாதானங்களும் செல்லாது. ஆக, இரண்டாவது குடும்பத்தின் பிள்ளைகள் உங்கள் வாசலைத் தாண்டும் முன் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது சிறிய வீட்டு டேகேர் லைசென்ஸ். அதில் ஒருவர் தனியாக ஆறு பிள்ளைகள்வரை பார்க்கலாம். அவர்களில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து வயதுக்குட்பட்ட உங்கள் சொந்தப் பிள்ளையும் இந்த ஆறில் சேர்த்தி, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் மகன், எதிர்வீட்டுக் குழந்தை, புதிதாக வரும் இருவர் என்று மொத்தம் நான்கு பேர், அதில் இரண்டு வயதுக்குக் கீழே இருவர். தாராளமாக இடம் இருக்கிறது.

ஓனர் விஷயத்தில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள மாநிலச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற வீட்டு டேகேரை வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்க முடியாது. நகராட்சியும் தனியாக பிசினஸ் லைசென்ஸ் கேட்க முடியாது. தொடங்குவதற்கு 30 நாள் முன்பு ஓனருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால் போதும். சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் டெபாசிட்டைக் கூட்டிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. "ஓனரிடம் நான் பேசி முடிக்கிறேன்" என்று ஏஜென்ட் தனியாகக் காசு கேட்டால், ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் உரிமையை உங்களுக்கே விற்கிறார் என்று அர்த்தம்.

இனி வேலைகள். மாநிலச் சமூக சேவைத் துறையின் உரிமப் பிரிவு ஆன்லைனில் நடத்தும் அறிமுக வகுப்பு, விண்ணப்பம், காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை மற்றும் கக்குவான் தடுப்பூசிச் சான்று, குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் புகார் செய்யும் கடமை பற்றிய இலவச ஆன்லைன் பயிற்சி, கடைசியில் வீட்டுச் சோதனை. இவை ஒவ்வொன்றும் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் எதுவும் உங்களால் முடியாதது இல்லை.

ஏமாறும் இடம் 16 மணி நேர ஆரோக்கிய, பாதுகாப்பு வகுப்புதான். குழந்தைகளுக்கான முதலுதவியும் சிபிஆரும் (மூச்சோ இதயமோ நின்றால் மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முறை) அதில் அடக்கம். மாநில அவசர மருத்துவ சேவை ஆணையம் அங்கீகரித்த வகுப்பாக இருக்க வேண்டும், சிபிஆரைப் பொம்மை மேல் கையை வைத்து நேரில் செய்து காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் தளங்களில் பணம் கட்டிவிட்டு, சோதனைக்கு வந்த அதிகாரி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்ததும் கண்கலங்கி எனக்கு போன் செய்த பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. பணம் கட்டும் முன், முடிவில் தரும் சான்றிதழில் அந்த ஆணையத்தின் ஸ்டிக்கர் இருக்குமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

லைவ் ஸ்கேன் என்னும் கைரேகைப் பதிவு உங்களுக்கு மட்டுமில்லை, அந்த வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வேண்டும். உங்கள் கணவருக்கும்தான். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா, அப்பா, மாமியார், மாமனார் எல்லோரையும் இதில் நினைத்துப் பாருங்கள். டிக்கெட் போடும்போதே உரிமப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். அனுமதி வராத பெரியவர் வீட்டில் இருப்பதை அதிகாரி கண்டால் நாளுக்கு 100 டாலர் அபராதம். குழந்தைகள் பாதுகாப்புக்கு இந்த விதி அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆங்கிலம் தடுமாறும் ஒரு பெண்ணிடம் இதை முதல் நாளே ஒரு பக்கத்தில் தெளிவாகச் சொல்ல இந்த அமைப்புக்கு ஏன் மனம் வரவில்லை? கைரேகை ஓரிடம், வகுப்பு ஓரிடம், விண்ணப்பம் ஓரிடம். ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்று மற்றதற்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் 3,000 டாலர்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

அவர்கள் விற்கும் இன்னொரு பொருள் "நடந்துகொண்டிருக்கும் டேகேர், லைசென்ஸோடு". வாங்காதீர்கள். லைசென்ஸ் ஒரு நபருக்கு, ஒரு முகவரிக்கு. கைமாறாது. நீங்களே வீடு மாறினாலும் புது வீட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் வாடகை ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதமே இருக்கிறது என்றால், முதலில் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள்.

"அரசாங்கப் பணம்" என்பதை அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. கோவிட் காலத்தில் டேகேர்களுக்கு நேரடியாக வந்த மத்திய அரசின் நிலைப்படுத்தல் உதவி 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய விளம்பரத்தைக் காட்டி இன்னும் பணம் பிடுங்குகிறார்கள். இப்போது முக்கியமாக உள்ள மானியம் பெற்றோர் வழியாக வருவது. வருமானம் குறைந்த குடும்பம் தகுதி பெறுகிறது, அந்தக் குடும்பம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கான தொகை உங்களுக்கு வருகிறது. உங்கள் தெருவில் கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் குடும்பங்கள் என்றால் ஒரு காசும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையாகப் பயன்படக்கூடியது மத்திய வேளாண்மைத் துறையின் குழந்தைகள் உணவுத் திட்டம். லைசென்ஸ் வந்த பிறகு ஒரு ஸ்பான்சர் அமைப்பு மூலம் சேர வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை உணவும் ஒரு சிற்றுண்டியும் கணக்குக் காட்டி, அதற்கான பணத்தைப் பெறலாம். ஸ்பான்சரின் நிர்வாகச் செலவுக்கு அரசு தனியே பணம் தருகிறது. அதனால் இதில் சேர்த்துவிடக் கட்டணம் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் மகனின் சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்க உங்கள் குடும்பத்துக்கே வருமான வரம்பு உண்டு.

ஆள்? நான்கு பிள்ளைகளுக்கு உங்களுக்கு ஆளே தேவையில்லை. பின்னால் 12, 14 பேர் கொள்ளும் பெரிய லைசென்ஸுக்குப் போகும்போது உதவியாளர் கட்டாயம். வேலை நேரத்தையும் முறையையும் நீங்கள் தீர்மானிக்கும்போது அவரை "கான்ட்ராக்டர்" என்று எழுதிவைத்துத் தப்பிக்க முடியாது, அவர் ஊழியர். முதல் ஊழியர் சேரும் நாளிலேயே தொழிலாளர் காயக் காப்பீடு வேண்டும். கைரேகை அனுமதி அதற்கும் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். டேகேர் லைசென்ஸ் வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. உங்கள் எச்-4 அனுமதி அட்டையின் கடைசித் தேதியைக் குறித்துவைத்து, புதுப்பிக்க நேரத்தோடு விண்ணப்பியுங்கள். அட்டை காலாவதியான பிறகு சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது என்பதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க முடியாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளிலும் குழந்தைப் பராமரிப்பு "ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல்" (தகவலும் வழிகாட்டுதலும் தரும்) அமைப்பு இருக்கிறது. முதலில் நான் சொன்ன இலவச அலுவலகம் இதுதான். அங்கே போன் செய்து, வீட்டு டேகேர் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள், கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விண்ணப்பத்தை நிரப்ப உதவுவார்கள், அங்கீகாரம் பெற்ற வகுப்பு எங்கே என்று சொல்வார்கள், உணவுத் திட்ட ஸ்பான்சர்களின் பெயரும் தருவார்கள். அந்த இரண்டாவது குடும்பத்திடம் லைசென்ஸ் வரச் சில மாதங்கள் ஆகலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அதுவரை எதிர்வீட்டுக் குழந்தை மட்டும் வரட்டும்.