கேள்வி – பதில்: எலிக்கான அளவும் குப்பிச் சீட்டும்

கேள்வி: தசைநாண் வலிக்கு பி.பி.சி.-157 ஊசியை ஜிம்மில் சிபாரிசு செய்கிறார்கள். ‘பிரீகிளினிக்கல் ஆய்வில் (மனிதருக்கு முன் விலங்குகளில் செய்யும் ஆய்வில்) நிரூபணமானது’ என்கிறது விளம்பரம். எலிக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 70 கிலோ ஆளுக்கு 700 மைக்ரோகிராம்தானே?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. பி.பி.சி.-157 என்பது 15 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த செயற்கைப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதச் சங்கிலி. இதன் ஆய்வுகளில் பெரும்பகுதி குரோஷியாவின் சாக்ரெப் நகர ஆய்வுக்குழு எலிகளில் செய்தவை. ஆரோக்கியமான எலியின் குதிகால் தசைநாணைக் கத்தியால் சுத்தமாக அறுத்து, அன்றே மருந்தைத் தொடங்கி, காயம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்தார்கள். மாதக்கணக்கில் பளு தூக்கித் தேய்ந்த தசைநாண் வேறு விஷயம்.

அளவுக் கணக்கும் தவறு. சிறிய உடலுக்கு எடையை ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். வளர்சிதை மாற்றமும் வேகம். அதனால் எலி அளவை 6.2-ஆல் வகுப்பார்கள்: கிலோவுக்கு 1.6, 70 கிலோவுக்குச் சுமார் 113 மைக்ரோகிராம். இதையும் ஊசி அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வகுத்தல், நச்சுச் சோதனையில் எலிக்குத் தீங்கு செய்யாத உச்ச அளவிலிருந்து தொடங்க வேண்டியது. வரும் விடையையும் வழக்கமாகப் பத்தில் ஒன்றாகக் குறைத்த பிறகே மனிதரிடம் முதல் சோதனை. ‘குணமாக்கிய அளவு’ பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. மனிதரிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய, மிகச் சிறிய ஆய்வுகள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. போட்டிகளில் ஆடுபவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. வலிக்கு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வுக்கு வாங்கிய பி.பி.சி.-157 பொடியின் சான்றிதழில் ‘தூய்மை 98%’. 5 மில்லிகிராம் பொடியை 5 மில்லி நீரில் கரைத்தும் செல் சோதனை ஒவ்வொரு முறையும் வேறு முடிவு தருகிறதே?
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: 98% என்பது, எச்.பி.எல்.சி.யில் (கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் கருவியில்) தெரியும் பெப்டைடுகளுக்குள் உங்களுடையதன் பங்கு. பொடியில் ஒட்டியிருக்கும் நீரும், தயாரிப்பில் மிஞ்சும் டிரைஃப்ளூரோஅசிட்டேட் உப்பும் அந்தக் கணக்கில் வராது. ‘நிகர பெப்டைடு அளவு’ என்ற தனி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 80% என்றால் குப்பியில் 4 மில்லிகிராம்தான். உங்கள் கரைசல் மில்லிக்கு 1 அல்ல, 0.8 மில்லிகிராம். தொகுதிக்குத் தொகுதி இந்த எண் மாறும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை எடை பொய்யாகும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள்; ஒரு பங்கை ஒருமுறைக்கு மேல் உருக்க வேண்டாம். மிக நீர்த்த கரைசலில் பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி வீணாகும் என்பதால், நீர்ப்பதைச் சோதனை நாளன்று செய்யுங்கள். டிரைஃப்ளூரோஅசிட்டேட் செல்களைப் பாதிக்கக்கூடும் என்பதால், செல்களுக்கென்றால் அசிட்டேட் உப்பாகவே கேளுங்கள். எண்டோடாக்ஸின் (பாக்டீரியாவின் வெளியுறையிலிருந்து வரும் நச்சு) சோதனையும் அவசியம்: அது கலந்திருந்தால் செல்கள் அதற்குத்தான் பதில் சொல்லும்.

கேள்வி: ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீர் போதாதா?
– அதே மாணவி

பதில்: உப்புநீர்க் குழு கட்டாயம் வேண்டும். கூடவே, அதே 15 அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த பெப்டைடையும் ஒரு குழுவுக்குக் கொடுங்கள். அதுவும் அதே பலனைத் தந்தால், காரணம் உங்கள் பெப்டைடின் வரிசை அல்ல. அளப்பவருக்கு எந்தக் குழுவுக்கு எது என்பது தெரியக்கூடாது.