மூன்று வாரத்தில் குட்டி தனிமைக்குப் பழகுமா?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்குப் பத்து வாரம் ஆகிறது என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாலே கத்துகிறது, கதவைப் பிறாண்டுகிறது. இன்னும் மூன்று வாரத்தில் நானும் கணவரும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒன்பது மணி நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். 'மூன்று நாள் அழ விடுங்கள், தானாகப் பழகிவிடும்' என்கிறார் விற்றவர். ஒரு பயிற்சியாளர், ஒரு மாதம் தம்மிடம் விட்டால் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: மூன்று வாரத்தில் எந்தக் குட்டியையும் ஒன்பது மணி நேரத் தனிமைக்குப் பழக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனத்தை விட்டுவிடுங்கள், உடலே அதற்கு இடம் தராது. மூன்று மாதக் குட்டி விழித்திருக்கும்போது சிறுநீரை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்வது அரிது. ஒழுங்காகப் பழக்கினால் உங்களுக்கு உள்ள காலத்தில் அரை மணியையோ, நன்றாகப் போனால் ஒரு மணியையோ எட்டலாம். மீதி நேரத்துக்கு ஆள்தான் வேண்டும். நீங்களும் கணவரும் விடுப்பைப் பங்கிட்டு எடுப்பது, குட்டிக்குப் பழக்கமான உறவினர் ஒருவர் பகலில் வந்து இருப்பது, வேலை நேரத்தை முன்பின்னாக மாற்றிக்கொள்வது என எது உங்களால் முடியுமோ அதற்கான பேச்சை இன்றே தொடங்குங்கள்.

'அழ விடுங்கள்' என்பது விற்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. பணம் கைமாறிய பிறகு அவர்களுக்குச் செலவில்லாத அறிவுரையும் அதுதான். பத்து வாரக் குட்டிக்குத் தனிமை என்பது சலிப்பு அல்ல, ஆபத்து. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத உயிர், துணையைக் கூப்பிடும் குரலே அந்தக் கத்தல். பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் எதையும் ஆழமாகப் பதித்துக்கொள்ளும். அந்தப் பருவத்தில் மூன்று நாள் கத்திக் களைத்து அடங்கும் குட்டி, தனிமை அச்சம் தருவது என்ற பாடத்தைத்தான் கற்றிருக்கும். அடங்கியது களைப்பினால் என்பது விற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, குட்டி பயப்படத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வருவது. கேட்பதற்கு எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்தினாலே கத்துகிறது என்றால் உங்கள் கணக்கு நிமிடத்தில் அல்ல, நொடியில் தொடங்குகிறது. குட்டி வயிறு நிறைந்து, சிறுநீர் கழித்து, விளையாடி ஓய்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். கடித்து நக்க ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் இரண்டடி விலகித் திரும்பி வாருங்கள். பிறகு அறைக்கு வெளியே ஓரடி. பிறகு கதவைச் சாத்தி உடனே திறப்பது. பிறகு மூன்று நொடி, ஐந்து, பத்து. தொடக்கத்தில் ஒரு தடவை ஐந்து நிமிடத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். நாளில் நான்கைந்து தடவை போதும். நேரத்தை ஏணிப்படிபோலக் கூட்டிக்கொண்டே போகாமல், இருபது நொடிக்குப் பிறகு ஐந்து, அதற்குப் பிறகு முப்பது, மறுபடி பத்து என்று ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கடினமாகவே இருந்தால், நீங்கள் எழுந்தாலே குட்டிக்குக் கலக்கம் வந்துவிடும்.

சாவிக்கொத்தை எடுப்பது, செருப்பை மாட்டுவது, பையைத் தோளில் போடுவது ஆகியவற்றைப் பகலில் பலமுறை செய்துவிட்டு எங்கும் போகாமல் உட்காருங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சி ஆரவாரம் செய்ய வேண்டாம். இரவில் குட்டி உங்கள் படுக்கைக்கு அருகில் தூங்கட்டும். அதனால் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துபவர்களுக்குச் செவிசாய்க்காதீர்கள். கூண்டு பயன்படுத்துவதானால், குட்டி தானாக உள்ளே போய்த் தூங்கும் நாள்வரை அதன் கதவைச் சாத்தாதீர்கள்.

திரும்பி வரும்போது தரையில் சிறுநீரோ கடித்த செருப்போ இருந்தால் திட்டாதீர்கள். அது தலையைத் தாழ்த்திப் பார்ப்பது செய்த தவற்றை உணர்ந்ததால் அல்ல. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தவறே செய்யாத நாய்களும் திட்டு வாங்கும்போது அந்த முகத்தையே காட்டின. திட்டினால் உங்கள் வருகையும் பயமாகிவிடும்.

மேலே சொன்னவற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கால்நடை மருத்துவரான என்னிடம் வரும் குட்டிகளில் மறுபடி மறுபடி இதையே பார்க்கிறேன். உங்கள் குட்டிக்கு உண்மையிலேயே பத்து வாரம் ஆகிறதா? 'விற்றவர் சொன்னார்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். ஆனால் சிறிய குட்டிதான் கண்ணைக் கவரும், சீக்கிரம் விலைபோகும் என்பதால் தரகர்கள் ஐந்து வாரத்திலேயே பிரித்து எடுத்து, அட்டையில் வயதைக் கூட்டி எழுதிவிடுகிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி என்ற கட்டத்தை விற்பவரே நிரப்புவார், மருத்துவர் அதன் கீழே கையெழுத்திடுவார், அந்தப் பொய் அன்றோடு ஆவணமாகிவிடும். அட்டையை மறந்துவிட்டு வாயைப் பாருங்கள். எட்டு வாரத்தை ஒட்டி 28 பால்பற்களும் முளைத்திருக்க வேண்டும். முன்னால் உள்ள சிறிய வெட்டுப்பற்களும் கூரிய கோரைப்பற்களும் இருந்து, கன்னப்பக்கத்துப் பற்கள் இன்னும் ஈறைத் துளைத்துக்கொண்டிருந்தால், குட்டி ஏழு வாரத்தைத் தாண்டியிருக்குமா என்பதே ஐயம். மிகச் சிறிய இனங்களில் பற்கள் சற்றுத் தாமதமாகும், ஆகவே உடல் எடையையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரே முடிவு சொல்லட்டும். வயது குறைவு என்று தெரிந்தால், மேலே சொன்ன தனிமைப் பயிற்சியைச் சில வாரம் தள்ளிவையுங்கள். விலகிப் பழக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை குட்டிக்கு உங்கள் உடலின் அருகாமை போதும். அந்தச் சோதனைக்குப் போகும்போதே சிறுநீரையும் மலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றோ வயிற்றில் புழுவோ இருக்கும் குட்டி அதனாலேயே கத்தலாம். அதற்குத் தனிமைப் பயிற்சி கொடுப்பது வீண்.

பயிற்சியாளர் விஷயத்துக்கு வருகிறேன். தனிமைப் பயம் உங்கள் வீட்டில், உங்கள் கதவு சாத்தப்படும்போது வருவது. அதை வேறொரு வளாகத்தில், பத்து நாய்களுக்கு நடுவே வைத்து எப்படிச் சரிசெய்வார் என்று அவரையே கேளுங்கள். அங்கே குட்டி தனியாகவே இருக்காதே! திரும்பி வரும் நாளில் கத்தாமல் இருந்தால், எந்த முறையால் அடக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டியிருக்கும். குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையைப் பரிந்துரைப்பவர் வாசலை அப்போதே விட்டு வந்துவிடுங்கள். பயத்தில் கத்தும் உயிருக்கு வலியைச் சேர்த்துக் கொடுத்தால் பயம் இரண்டாகும். பல இடங்களில் 'நாய்ப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்ட ஒரு தேர்வும் எழுத வேண்டியதில்லை. எங்கள் தரப்பும் ஒழுங்கில்லை. நான் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் நாயின் குடல்புழுவுக்குக் கிடைத்த பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதன் நடத்தைக்குக் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இவர்கள் கடை போடுகிறார்கள்.

மயக்கம் தரும் மாத்திரையும் சிலர் எழுதிக் கொடுப்பார்கள். அசிப்ரோமசின் போன்றவை உடலைத் தளர்த்துமே தவிர அச்சத்தைக் குறைக்காது. பிரிவுப் பதற்றத்துக்கென அங்கீகாரம் பெற்ற குளோமிப்ரமினும் ஃபுளுவாக்செட்டினும் ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்களுக்கு உரியவை அல்ல. துணைக்கு இன்னொரு குட்டி வாங்கச் சொல்பவர், பெரும்பாலும் விற்கக் குட்டி வைத்திருப்பவராகத்தான் இருப்பார்.

நாளையே ஒரு வேலை செய்யுங்கள். பழைய கைபேசி ஒன்றை அறை மூலையில் பதிவு ஓட வைத்துவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் வெளியே போய் வாருங்கள். பதிவில், கத்தலுக்கு முன்பு குட்டி கதவையே பார்த்துக்கொண்டு நிற்பது, உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கொடுத்த தின்பண்டத்தைத் தொடாமல் விடுவது இவற்றுள் எது எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நொடிக்கு முன்பே திரும்பி வருவதுதான் உங்கள் முதல் வாரப் பாடம். எச்சில் வழிவது, நகம் உடையுமளவுக்குப் பிறாண்டுவது, வாந்தி எடுப்பது என்று ஏதாவது தெரிந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அந்தப் பதிவோடு மருத்துவரிடம் போங்கள்.