அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்...

கேள்வி: எனக்கு 36 வயது. பெரம்பூரில் இருக்கிறேன். துபாயில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். முதலில் வேலூரில் காட்டினோம். அப்புறம் இங்கேயே வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு வருடம் ஓடியது. பேசி வைத்திருந்த வரன், இனிமேல் காத்திருக்க முடியாது என்று விலகிவிட்டது. அண்ணன் பெங்களூரில். பணம் அனுப்புவார், ஆள் வரமாட்டார். போன கோடையில் அம்மா இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டு அழுதார்கள், நான் கொடுக்கவில்லை. ஜூலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த வருடம் புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த வசனம் எரேமியா 29:11: நான் உங்கள்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்பது. சபையில் எல்லோரும், "இதிலே ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்மா" என்கிறார்கள். என்ன நோக்கம்? இப்படிக் கேட்பது அவிசுவாசமா? ஒரு பள்ளிக்கூடத்தில் அக்கவுன்ட்ஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அது தேவ சித்தமா என்று தெரியாமல் போகப் பயமாக இருக்கிறது. ராத்திரி தூக்கமும் சரியில்லை. இதற்கு நடுவில், சபையின் அறுப்பின் பண்டிகையில், தேவன் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி ஆயர் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கேள்விக்குறிகள் நிறைய. ஆனால் எனக்குப் பெரிய கேள்வியாகப் பட்டது, நீங்கள் கேள்விக்குறி போடாமல் எழுதிய ஒரு வரிதான். தண்ணீர் கேட்டு அழுதார்கள், கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ஜூலைக்குப் போய்விட்டீர்கள். நாமும் முதலில் அந்த டம்ளரைப் பற்றியே பேசிவிடுவோம்.

டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் தண்ணீர் அளந்துதான் வரும். பலருக்கு ஒரு நாள் முழுக்க ஒரு லிட்டர்கூடக் கிடையாது. காபி, மோர், ரசம், இட்லிக்கு ஊற்றுகிற சாம்பார் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். வெயிலுக்கு ஊரே இளநீர் குடிக்கும்போது, பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவர்களுக்கு அதுவும் கூடாது. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், இதயம் திணறும். வாரம் மூன்று நாள் போகிறவர்களுக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி ஒன்று வருமே, அதுதான் மிகவும் ஆபத்தான நேரம். கத்திரி வெயிலில், நாக்கு வறண்டுபோன அம்மாவிடம் "இல்லம்மா, போதும்" என்று நான்கு வருடம் சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்பது, பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் மறுத்ததால்தான் உங்கள் அம்மா பல ராத்திரிகள் மூச்சுத் திணறாமல் தூங்கினார்கள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த மறுப்பை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரிய நோக்கம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நீங்கள் தவிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வேலை போனது, வரன் போனது, கடைசியில் அம்மாவும் போய்விட்டார்கள். இத்தனைக்கும் ஈடாக ஏதாவது கிடைத்தால்தான் கணக்கு நேராகும் என்று, அக்கவுன்ட்ஸ் படித்த மனசு தேடுகிறது. அந்த டம்ளருக்கு எந்த நோக்கமும் தேட வேண்டாம். ஒரு மகள் தாய்க்குச் செய்த ஊழியம் அது. அந்த ஊழியம் அன்றைக்கே முழுமையாக முடிந்துவிட்டது.

சரி, இப்போது சபையில் சொல்கிறவர்களிடம் வருவோம். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன். தேவன் நம் வாழ்க்கையை நோக்கமில்லாமல் நடத்துவதில்லை என்று நானும் நம்புகிறேன். ஆனால் அதை யார், எப்போது, யாரிடம் சொல்கிறார்கள் என்பது முக்கியம். இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது யோசேப்பைத்தான். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற பொருளில் அவர் பேசியது ஆதியாகமம் 50-ல். அதே கருத்தை முதலில் சொல்வது 45-ம் அதிகாரத்தில். அண்ணன்மார் அவரை அடிமையாக விற்றபோது வயது 17. எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு முன்னால் நின்றபோது 30. ஏழு வருடச் செழிப்பும் இரண்டு வருடப் பஞ்சமும் போன பிறகே அண்ணன்மாரிடம் இதைச் சொல்கிறார். கூட்டிப் பாருங்கள், சுமார் 22 வருடம். அதையும், எகிப்தியர் காதில் விழுகிற அளவுக்கு ஓவென்று அழுதுவிட்டுத்தான் சொல்கிறார்.

நடுவில் என்ன சொன்னார்? குழியில் கிடந்தபோது கெஞ்சினார். அண்ணன்மாரே அதைப் பிற்பாடு ஒப்புக்கொள்கிறார்கள் (42:21). சிறையில் கூட இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், நான் களவாய்க் கொண்டுவரப்பட்டவன், இங்கே அடைத்து வைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை, பார்வோனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல் என்று கேட்டார் (40:14, 15). "கர்த்தருடைய நோக்கம், அதனால் பரவாயில்லை" என்று சிறையில் அவர் பேசியதாக ஒரு வரிகூடக் கிடையாது. அப்படியிருந்தும் கர்த்தர் அவரோடே இருந்தார் என்று அந்த அதிகாரங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னது பாடுபட்டவர். குழிக்கு மேலே நின்றுகொண்டு யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. அடக்க ஆராதனை முடிந்து கல்லறையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நோக்கத்தை விளக்கிவிடுகிறோம்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் நம்மைவிட மேல். ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது விளக்கம் சொன்ன அவர்கள்மேல்தான். அத்தனை கேள்வி கேட்ட யோபுவைத் தம்முடைய தாசன் என்கிறார். "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று கேட்ட 13-ம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது. 88-ம் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் ஸ்தோத்திரமே இல்லை. கேட்பது அவிசுவாசமா என்ற கேள்விக்கு இதற்குமேல் என் பதில் தேவைப்படாது.

அட்டைக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்து, பர்ஸில் வைத்து, அடுத்த டிசம்பர் வரை பத்திரப்படுத்துகிறோம். அந்த வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் 29:11 மட்டும் அட்டையில் ஏறுகிறது, அதற்கு முந்தின வசனம் ஏறுவதில்லை. பாபிலோனில் 70 வருடம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது அது. அந்த வசனங்கள் இருக்கிற எரேமியா தீர்க்கதரிசியின் கடிதம், எருசலேமில் படிக்கப்பட்ட நல்ல செய்தி இல்லை. சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போய்விட்ட ஜனத்துக்கு எழுதியது. கேட்டவர்களில் வயது வந்த பெரும்பாலோர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையே பிடுங்கி உடைத்தார். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். ஆனால் அவரைக் கர்த்தர் அனுப்பவில்லை. "இந்த வருஷத்துக்குள் அம்மா எழுந்து நடப்பாங்க" என்று உங்கள் அட்டையைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால், அவர் பேசியது அனனியாவின் பேச்சு. வசனம் உங்களை ஏமாற்றவில்லை.

வேலூரில் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரி பிறந்த கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அமெரிக்க மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவம் பார்க்கக் கூப்பிட வந்தார்கள். டாக்டரான அவருடைய அப்பா ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1900-ல் ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பிரசங்கத்தில் இதைச் சொல்லி, "பாருங்கள், தேவ நோக்கம்!" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு நெருடல். அந்த மூன்று வீட்டுக்கும் போய், உங்கள் மனைவி செத்தது ஒரு மருத்துவக் கல்லூரிக்காகத்தான் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அந்தச் சாவுகள் கொடுமைதான். அதிலிருந்தும் தேவன் ஒரு வேலையைத் தொடங்கினார் என்பதுதான் ஆச்சரியம். ரோமர் 8:28-ம் எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை, எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. என்ன நன்மை என்பதை அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு நாம் ஒப்பாவது. போன வேலையும் வரனும் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்று அங்கே எழுதியில்லை. 28-ம் வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், என்ன ஜெபிப்பது என்று தெரியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. ஜெபிக்க வார்த்தை வராத ராத்திரிகளில் அது போதும்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் அலாரத்துக்கு எழுந்த உடம்பு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. இருந்தாலும், வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

சாட்சி விஷயம். காணிக்கையாக வந்த பரங்கிக்காய் ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போகிற பண்டிகை நாளில், மேடையில் நிற்பவரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது, "ஆனால் ஆண்டவர்..." என்று தொடங்கும் கடைசிப் பத்தியை. அது உங்களிடம் இன்னும் இல்லை. இல்லாததைச் செய்து கொடுக்காதீர்கள். ஆயரிடம் நேராகவே, "ஐயா, இந்த வருஷம் வேண்டாம், என்னால் முடியாது" என்று சொல்லலாம். நல்ல மேய்ப்பராக இருந்தால் புரிந்துகொள்வார். அப்படியும் பேச வேண்டும் என்று மனசுக்குத் தோன்றினால், அம்மாவைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசுங்கள். எப்படிப் பாடுவார்கள், ஊசி குத்தும்போது என்ன சொல்வார்கள், நர்ஸுகளிடம் எப்படிப் பழகினார்கள் என்று. நோக்கம் இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி இறங்கிவிடுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் உங்களைப் போல இரண்டு பேராவது இருப்பார்கள்.

அண்ணனிடம் கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அதைத் தேவ நோக்கத்துக்குள் போட்டு மூடாமல் அவரிடமே ஒருநாள் பேசுங்கள்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூட வேலை. எரேமியாவின் அதே கடிதம், அட்டை வசனத்துக்கு ஆறு வசனம் முன்னால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. நோக்கம் முழுசாகத் தெரிந்தவர்களுக்குச் சொன்னதில்லை அது, அந்நிய ஊரில் திகைத்து நின்றவர்களுக்குச் சொன்னது. வேலை நேர்மையானதா, உங்களுக்குத் தெரிந்த வேலையா, சம்பளத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா, பெரம்பூரிலிருந்து போய்வரத் தோதா என்று மட்டும் பாருங்கள். சரியாக இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த கல்வியாண்டில் மாற்றிக்கொள்ளலாம். கூப்பிட்டவர்கள் ரொம்ப நாள் இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள், இந்த வாரமே போன் செய்துவிடுங்கள்.