'நுருநுரு உகோகு' திட்டு இல்லை, பாராட்டு

வீடியோ கேம் காணொளி ஒன்றுக்கு ஜப்பானியர் 'நுருநுரு உகோகு' என்று எழுதியிருந்ததாகவும், அகராதியில் 'வழவழப்பு' என்று பார்த்துக் குழம்பியதாகவும் கேட்டிருந்தீர்கள். அகராதி சொல்வதும் சரிதான். கையில் நிற்காமல் நழுவும் விலாங்கு மீனின் ஈர வழவழப்புதான் நுருநுரு. ஆனால் 'உகோகு' (அசைதல்) சேர்ந்தால், திரையில் அசைவு எங்கும் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று பொருள்.

இது ஏன் பாராட்டு? ஜப்பானிய அனிமேஷனான அனிமே ஓடுவது நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒரே படத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு 8 படம்தான் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கூடுதல் படங்கள் வரைந்த சண்டைக்காட்சியோ நொடிக்கு 60 சட்டகத்தில் ஓடும் வீடியோ கேமோ நுருநுருவென்று தெரியும்.

பயன்படுத்துவதும் எளிது. வினைக்கு முன் அப்படியே வைக்கலாம். கை வழவழக்கிறது என்றால் 'தே கா நுருநுரு சுரு'. பெயர்ச்சொல்லுக்கு முன் 'நுருநுரு ஷிதா'. நத்தோ (புளிக்கவைத்த சோயா) போல நூல் இழுக்கும் பிசுபிசுப்புக்கு மட்டும் இதைப் போடாதீர்கள், அது 'நெபாநெபா'. பளபளவென்று துடைத்த தரைக்கு 'த்சுருத்சுரு'.

அப்புறம், அலுவலக அறிக்கையில் நுருநுரு வேண்டாம். அங்கே 'நமேராகா' (தடையில்லாமல் சீரான) என்று எழுதுங்கள். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.