ஊர்ப் பெண்கள் எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரும்படி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வகுப்பை எப்படி நடத்துவது?

தேவகோட்டை பக்கம் ஒரு ஊரில் பெண்களைச் சேர்த்துப் போர்வை தைக்க ஆசைப்படுவதாகவும், எத்தனை முறை அழைத்தாலும் அதே ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்த பிறகு பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பள்ளத்தூரில் 26 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். குவில்ட் என்கிற இந்த ஒட்டுத்துணிப் போர்வைக் கலையை முறையாகப் படித்தவள் இல்லை. போட்டிக்குத் தைப்பவர்கள் கால் அங்குலத் தையல் கணக்கோடு என்னோடு வாதாட வரலாம், அவர்கள் சொல்வது அவர்கள் வேலைக்குச் சரி. எனக்குத் தெரிந்தது ஆட்களை உட்கார வைப்பது, அதையும் ஒருமுறை தப்பாகச் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் ஏதாவது ஒரு பெரிய வீட்டு வளவில்தான் நடத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 2022 தை மாதம், ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பழக்கமான ஓர் ஆச்சி, "வளவு சும்மாதானே கெடக்கு, வந்து நடத்து" என்றார். எண்பது வயதில் அப்படி ஒரு மனசு. வளவில் நடுவே வானம் பார்த்த வாசல், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சேலையை முழுக்க விரித்தாலும் சுருக்கம் விழாது. தையலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

14 பேரைக் கூப்பிட்டிருந்தேன். 10 பேர் வந்து உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் கழித்து அடுப்படியில் வேலை பார்க்கும் அம்மா வந்து, "பின்னாடி நாலு பேரு உக்காந்திருக்காங்களே, அவுகளும் இதுக்குத்தான் வந்தாகளா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்பக்கம் முகப்பு, பட்டாலை, வளவு. அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் பின்வாசல். என் அம்மா அந்த மாதிரி ஒரு வீட்டில் பல வருடம் மாவு இடித்தவர். அவர் முகப்பு வழியாக உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை. அந்த நாலு பேரையும் யாரும் தடுக்கவில்லை. அவர்கள் கால் தானாகவே பின்தெருவுக்குப் போயிருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பின்வாசலில் நின்ற எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஆச்சிமாரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அன்றைக்கு எழுந்து போய் நாலு பேரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தவர் அந்த ஆச்சிதான். ஆனால் வந்தவர்கள் தூணோரமாகவே உட்கார்ந்தார்கள்.

மறுநாள் நடந்தது இன்னும் மோசம், அது முழுக்க என் தப்பு. ஆளுக்கு ஒரு துணி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அந்த நாலு பேரில் ஒருத்தி, கல்யாணச் சமையலுக்கு உதவிக்குப் போகிறவள், மகளின் பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும், "இது டெரிகாட்டன்மா, காட்டனோட சேராது, நூல் நிக்காது" என்று சொல்லிவிட்டேன். அவள், "சரிக்கா" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். காபி வரும்வரை இருந்தாள். காபி குடிக்காமலே போய்விட்டாள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை, மற்ற மூன்று பேரும் வரவில்லை. நாலாம் நாள் மொத்தமே ஐந்து பேர்.

வீடு தேடிப் போனேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, எனக்கு நேரம்தான் இல்ல" என்றாள். அந்தப் பதிலுக்கு மேல் என்ன பேச முடியும்? மகள் நர்சிங் படிக்க வெளியூர் போய்விட்டாள், வீட்டில் மிச்சம் இருந்தது அந்தச் சீருடைதான் என்பதை அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த உடுப்புகளை வைத்துத் தைத்த போர்வைகளை 2002-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள். அதைப் படத்தில் பார்த்து எத்தனை பேரிடம் சொல்லி வியந்திருக்கிறேன்! என் முன்னால் வந்த சீருடையை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை மகளிர் குழுக் கட்டடத்தில். கோயில் மண்டபத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனசோடு கொடுத்ததுதான், ஆனால் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் வேதக்கோயிலுக்கு (சர்ச்சுக்கு) போகிற பெண்களும் அங்கே வந்து உட்காரத் தயங்குவார்கள் என்று வேண்டாம் என்றேன். குழுக் கட்டடத்துக்கு ஒரே வாசல். நேரம் மதியம் இரண்டரையிலிருந்து நாலரை: நூறுநாள் வேலைக்குப் போனவர்களும் வந்துவிடலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது போய்விடலாம். கட்டணம் கிடையாது, ஊசியும் நூலும் என் செலவு. முக்கியமாக, அவரவர் துண்டை அவரவர் மடியில் வைத்துத் தைக்கும் முறையை விட்டேன். நடுவில் ஒரே ஒரு போர்வையை விரித்துச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித்தான் தைப்பார்கள், நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். அப்படித் தைத்தால் யாருக்கும் ஓரமும் இல்லை, தலைமாடும் இல்லை.

உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். நம் வெயிலுக்கு அது ஆகாது, கையால் தைக்கப் பழகாதவர்களுக்கு ஊசியும் இறங்காது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை மூன்றாக மடித்தால் 1.8 மீட்டர் நீளத்தில் மூன்று அடுக்கு வந்துவிடும், ஓர் ஆள் போர்வை தயார். அதன் மேல் ஒட்டுத்துணிகளை வைத்து ஓட்டுத் தையல் போட்டால் போதும். பழைய கண்டாங்கிச் சேலை கிடைத்தால் விடாதீர்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது நம் பெருமை. எனக்கு அதைவிடப் பெரிய உபகாரம் அதன் கட்டம். சாக்குக்கட்டியால் கோடு போடாமலே, புதிதாக வருபவர் கட்டத்தின் வழியே ஊசியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சாயம் போகிறதா என்று மட்டும் முதலில் வெள்ளைத் துணியை ஈரத்தோடு அழுத்திப் பாருங்கள், அரக்கு நிறம் இறங்கினால் மொத்தமும் கெடும். வயதானவர்களுக்காக 30 ஊசியில் முன்கூட்டியே நூல் கோர்த்து ஒரு தலையணையில் குத்தி வைத்துவிடுவேன். கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே வராமல் இருப்பவர்கள் உண்டு.

அதே ஆச்சி அங்கேயும் வந்தார், முழங்கால் வலிக்காக ஒரு முக்காலி போட்டோம். சிறுவயதில் ஓலைக் கூடையான கொட்டானுக்கு மணி கோர்த்து உறை பின்னிய கை, அத்தனை பேரில் அவர் தையல்தான் நெருக்கம். நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்குக் கோடி வேட்டியிலிருந்து 21 இழை எடுப்பதைச் சொல்லிக்கொண்டே தைப்பார். பக்கத்தில் இருந்த முஸ்லிம் அக்கா, "ஏன் ஆச்சி 21?" என்று கேட்க, அந்தப் பேச்சிலேயே ஒரு வரிசை முடிந்துவிடும். யார் தையலையும் பிரித்துத் திரும்பப் போடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். கோணல் தையலை நீங்கள் ராத்திரி பிரித்து நேராக்கினால், மறுநாள் அவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் பேரம் பேசாமல் கொடுப்பவர்களே, மூன்று வாரம் பத்துப் பேர் கையால் தைத்த போர்வையைப் பார்த்து, "பழைய துணிதானே, இருநூறுக்குத் தா" என்கிறார்கள். அதனால் நாங்கள் விற்பதில்லை. தைத்தவர்களே முறைவைத்து எடுத்துக்கொள்கிறோம்.

சீருடை கொண்டுவந்த பெண் முதல் போர்வைக்கு வரவில்லை. நான் மறுபடி கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் சங்கடம்தான் கூடும். என் அம்மாவின் சேலை ஒன்று இருந்தது, பாதி நைலான். அதைத் துண்டாக்கி அந்த முதல் போர்வையின் நடுவில் வைத்தேன். போர்வையைக் காயப் போட்ட அன்று அந்த வழியாகப் போனவள் நின்று தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் காட்டன் இல்லையேக்கா" என்றாள். இல்லை என்றேன். அடுத்த வாரம் பையோடு வந்தாள்.

இரண்டாவது போர்வையில் அந்தப் பாவாடையின் மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்தோம். அவள் முறை வந்தபோது போர்வை மகளின் விடுதிக்குப் போனது. டெரிகாட்டனில் நூல் நிற்காது என்று நான் சொன்னபடியே ஆகிவிட்டது, போன பொங்கலுக்குப் பார்த்தேன், அந்த மடிப்பில் மட்டும் தையல் விட்டிருந்தது. மகளே கடைக்குக் கொண்டுவந்தாள். அவளிடமே ஊசியைக் கொடுத்து, எங்கே இரட்டை நூல் போட வேண்டும் என்று காட்டினேன்.