பழைய இன்ஜின் ஓடுகிறது, வெளியிலிருந்து வந்தது மட்டும் தடம் புரள்கிறது

இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முதலில் தண்டவாள இடைவெளியை அளந்து பாருங்கள். வேறு பாதையிலிருந்து வாங்கிய இன்ஜின் மட்டும் வளைவில் தண்டவாளத்தை விட்டு இறங்குகிறது, பழையது ஒருநாளும் இறங்கியதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் கேஜ், அதாவது அந்த இடைவெளி, அகன்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

வேல்ஸின் டாலிலின் என்ற குறுகிய ரயில் பாதையை 1951இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கியபோது இதே கதைதான். காரிஸ் என்ற வேறொரு ரயில் பாதையிலிருந்து வந்த ‘சர் ஹெய்டன்’ இன்ஜின் அடிக்கடி இறங்கியது. அளந்தால், 2 அடி 3 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய அரை அங்குலம் கூடுதல். பாதையின் பெயரையே கொண்ட பழைய ‘டாலிலின்’ இன்ஜினுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் அதிகம். அதற்காகப் பழைய கம்பெனி வேண்டுமென்றே போட்டு வைத்த அகலம் அது! அங்கிருந்த இரண்டு பழைய இன்ஜின்களுக்கும் சக்கரப் பட்டை, அதாவது தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி, அகலமானது, அதனால் தப்பித்தன.

சரி, உங்கள் இரண்டு இன்ஜின்களின் பட்டை அகலத்தையும் ஒப்பிடுங்கள். அப்புறம் வளைவு முழுக்க இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை கேஜ் பாருங்கள். மேலே எடை இல்லாத வெறும் பாதையில் சரியாகக் காட்டினாலும் நம்ப வேண்டாம். தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டை உளுத்திருந்தால் எடை ஏறும்போதுதான் தண்டவாளம் விரியும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால், மரத்தூள் உதிர்ந்தால், அந்த இடத்தில் சுண்ணாம்புக் குறி போடுங்கள்.

ஆனால் அவசரப்பட்டுக் கேஜை நெருக்கிவிட வேண்டாம், பழைய இன்ஜின் வளைவில் இறுகிக்கொள்ளலாம். பாதைப் பொறுப்பாளர் பார்த்துச் சொல்லும்வரை புதியது ஷெட்டிலேயே நிற்கட்டும்.