புது கம்ப்யூட்டருக்கு மாறுகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் உள்ள 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் மென்பொருள்கள் எல்லாம் வந்துவிடுமா?

வராது. இன்ஸ்டால் ஆகும்போதே ஒரு மென்பொருள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தன் பதிவுகளைப் போட்டு, சில ஃபைல்களை வேறு ஃபோல்டர்களிலும் வைத்துவிடுகிறது. ஃபோல்டரை மட்டும் தூக்கி வந்தால் அவை வராது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் 'போர்ட்டபிள்' வகை மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: பழையதில் பிரவுசரைத் திறந்தாலே விளம்பரமாகக் கொட்டுகிறது. புதியதற்கும் தொற்றுமா?

தொற்றலாம், நீங்கள் ஒரு ஃபைலைக்கூட காப்பி செய்யாமலே! இந்தத் தொல்லைக்குப் பல நேரம் காரணம், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருளான ஏதாவது ஓர் எக்ஸ்டென்ஷன்தான். புதியதில் குரோமைத் திறந்து அதே அக்கவுண்ட்டில் சிங்க் ஆன் செய்ததும், புக்மார்க்குகளோடு அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே பழையதிலேயே எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, எதற்கென்று தெரியாததையெல்லாம் நீக்குங்கள். அப்புறம் புதியதில் புக்மார்க், பாஸ்வேர்டு மட்டும் சிங்க் ஆகட்டும்.

ஃபைல்களைப் பொறுத்தவரை படம், பாட்டு, வீடியோவில் பெரிய பயமில்லை. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் குவிந்திருக்கும் இன்ஸ்டாலர்கள், முக்கியமாக கிராக் செய்த மென்பொருள்கள், அங்கேயே கிடக்கட்டும். இன்னொன்று: விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். 'போட்டோ.ஜேபிஜி' என்று தெரிவது உண்மையில் 'போட்டோ.ஜேபிஜி.இஎக்ஸ்இ', அதாவது திறந்ததும் ஓடும் புரோகிராமாக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்தால் சாயம் வெளுத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் எதையும் திறக்காமல் முதலில் ஸ்கேன் ஓட்டுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் நிறைய இடமிருந்தும் 6 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது. ஏன்?

பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: எல்லாம் எடுத்தாச்சு. பழையதை ஃபார்மேட் செய்யலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலை எடுத்தீர்களா? 'ஆப்டேட்டா' மறைந்திருக்கும் ஃபோல்டர். பல மென்பொருள்களின் அமைப்புகள் அங்கேதான். ஒன்டிரைவில் மேகச் சின்னம் போட்ட ஃபைல் டிஸ்க்கிலேயே இல்லை, காப்பி செய்ததாக நினைத்து ஏமாறாதீர்கள். சில மென்பொருள்களின் லைசென்ஸ் இத்தனை கம்ப்யூட்டருக்குத்தான் என்று கணக்கு வைத்திருக்கும். பழையதில் டீஆக்டிவேட் செய்யாமல் அழித்தால், புதியதில் ஆக்டிவேட் ஆகாமல் மல்லுக்கட்ட வேண்டிவரும்.